அடுத்த வாரமும் வருவாரா? மாணவர் மருத்துவ மையத்தில் மனநலச் செவிலியராக

மாணவர்களுக்கான மருத்துவ மையத்தில், "எனக்கு மனச்சோர்வு இருக்கு" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வருபவர்கள் குறைவு. தலைவலி, வயிற்று எரிச்சல், நெஞ்சுப் படபடப்பு, மாதவிடாய் தள்ளிப் போவது, முடி கொட்டுவது என்று ஏதாவது ஒரு உடல் தொந்தரவைச் சொல்லித்தான் சீட்டு வாங்குவார்கள். சிலர் விடுப்புக்கு மருத்துவச் சான்றிதழ் மட்டும் கேட்டு வருவார்கள். மருத்துவர் பார்த்துவிட்டு, "பக்கத்து ரூம்ல சிஸ்டர் இருக்காங்க, அவங்ககிட்ட கொஞ்ச நேரம் பேசிட்டுப் போங்க" என்று அனுப்பிவைப்பார். அந்தப் பக்கத்து அறையில் இருக்கும் மனநலச் செவிலியர் நான். இந்த வேலைக்கு வர நினைக்கும் செவிலியர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். மாணவர்களைப் பற்றிச் சொல்லும் இடங்களில் ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இதற்கு முன் மனநல வார்டில் வேலை பார்த்தேன். வார்டில் இன்று பேச மறுப்பவர் நாளைக் காலையும் அதே கட்டிலில் இருப்பார், பொறுமையாகப் பேசிக்கொள்ளலாம். இங்கே அந்த வசதி கிடையாது. கதவைத் திறந்து வெளியே போகும் மாணவர் திரும்பி வருவதும் வராததும் அவர் இஷ்டம். வராமல் போனால் வகுப்பில் வருகைப் பதிவு குறையும், விடுதி அறைக் கதவு சாத்தியே கிடக்கும். வெளியே தெரிவது அவ்வளவுதான். அதனால் முதல் சந்திப்பில் நான் செய்யும் எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் முடிவு செய்கிறேன்: இவர் அடுத்த வாரமும் வருவாரா? நோயின் பெயரை முதல் நாளே மிகச் சரியாகச் சொல்லிவிட்டு, ஆள் திரும்பி வராமல் போய்விட்டால் அந்தச் சரியான பெயரால் யாருக்கும் பயன் இல்லை.

இந்த வயதில் அது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள்ளும் முக்கால்வாசி 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்று 2005-இல் வெளியான அமெரிக்காவின் பெரிய கணக்கெடுப்பு ஒன்று சொன்னது. கல்லூரிக் காலம் அந்த வயதுக்குள்தான் வருகிறது. என் எதிரே உட்காரும் பலர், வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு மருத்துவப் பணியாளரிடம் தங்கள் மனதைப் பற்றிப் பேசுபவர்கள். அந்த முதல் முறை கசந்துபோனால், அடுத்து உதவி கேட்க அவர்களுக்குப் பல வருடம் ஆகலாம்.

நான் தூக்கத்தில்தான் தொடங்குவேன். "மனசு எப்படி இருக்கு?" என்று எடுத்தவுடன் கேட்டால், "நல்லாத்தான் இருக்கு சிஸ்டர்" என்று பதில் வந்துவிடும். தூக்கத்தைப் பற்றிப் பேச யாரும் கூச்சப்படுவதில்லை. ஆனால் "நல்லா தூங்குறீங்களா?" என்ற கேள்வி போதாது. நேற்று ராத்திரியை மணிக்கணக்காகக் கேட்க வேண்டும். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், படுத்ததும் என்ன யோசனை ஓடியது, எப்போது போனை எடுத்தீர்கள், எத்தனை மணிக்குக் கடைசியாகக் கடிகாரம் பார்த்தீர்கள், காலையில் எழுந்ததும் முதலில் தோன்றியது என்ன? ஒரு மாணவி இந்தக் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசிக் கேள்வியில் நிறுத்தி, "இன்னைக்கும் முழிச்சுட்டோமேன்னு இருந்துச்சு" என்றார். அரை மணி நேரம் சுற்றி வளைத்துக் கேட்டாலும் கிடைக்காத விஷயம், தூக்கத்தைக் கேட்டதால் ஐந்தாவது நிமிடத்தில் கிடைத்தது.

தூக்கக் கணக்கோடு காபி, எனர்ஜி டிரிங்க் கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள். கஃபீன் உடலில் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு அது ஏறக்குறைய இரு மடங்கு ஆகும். மாலை ஏழு மணிக்கு எனர்ஜி டிரிங்க் குடித்துவிட்டு நள்ளிரவில் "மூளை ஓடிக்கிட்டே இருக்கு" என்பவரிடம் இதை விளக்கினால் நம்பிக்கை வரும். மேலும், பருவ வயதிலிருந்து இருபதின் தொடக்கம் வரை உடல் கடிகாரமே தாமதமாக ஓடும். சீக்கிரம் தூக்கம் வராதது இவர்களின் சோம்பல் என்று வீட்டில் திட்டு வாங்கியிருப்பார்கள். உடலின் இயல்பு அது என்று ஒரு செவிலியர் சொல்லும்போது, முகத்தில் ஒரு தளர்வு வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தூக்கத்துக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யாரிடம் என்ன போகும் என்பதை. நான் ஏறக்குறைய ஒரே வாசகத்தைத்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: "நீங்க இங்க சொல்றது உங்க துறைக்கோ, வீட்டுக்கோ போகாது. நம்ம டாக்டர் குறிப்பைப் பார்ப்பாரு. உங்க உயிருக்கோ வேற யாரோட உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் நான் இன்னொருத்தரைச் சேர்த்துக்க வேண்டி வரும். அப்பவும் முடிஞ்சவரைக்கும் உங்ககிட்ட முதல்ல சொல்லிட்டுத்தான் செய்வேன்." எல்லாவற்றையும் ரகசியமாக வைத்துக்கொள்வேன் என்று வாக்கு கொடுக்கக் கூடாது. காப்பாற்ற முடியாத வாக்கு அது. பெற்றோருக்குத் தெரிவிப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு, வயதுக்கு வயது மாறும். வேலையில் சேர்ந்த முதல் வாரமே உங்கள் மையத்தின் எழுத்துபூர்வமான விதிகளைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள். பிரச்சினை வந்தபிறகு தேடினால் பதற்றத்தில் எதுவும் புரியாது.

கேள்வித்தாள்கள் விஷயத்துக்கு வருகிறேன். மனச்சோர்வுக்குப் பிஎச்கியூ-9, பதற்றத்துக்கு ஜிஏடி-7 என்ற இரண்டையும் ஆரம்ப சுகாதாரத்தில் எங்கும் பயன்படுத்துகிறார்கள். முதலாவது 2001-இலும் இரண்டாவது 2006-இலும் வெளியானவை. இரண்டுமே கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்பவை. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். பிஎச்கியூ-9-இல் மொத்தம் 27, ஜிஏடி-7-இல் 21. இரண்டிலும் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கவனித்துப் பார்க்க வேண்டும். இவை நோயை உறுதிசெய்யும் கருவிகள் கிடையாது. யாரை ஆழமாக விசாரிக்க வேண்டும் என்று காட்டுபவை. தேர்வு வாரத்தில் நிரப்பினால் யாருக்குமே எண் ஏறத்தான் செய்யும். எனக்கு இவற்றின் பெரிய பயன் அடுத்தடுத்த சந்திப்புகளில்தான். "போன மாசம் 18, இப்ப 11. உங்களுக்கே ஏதாவது மாற்றம் தெரியுதா?" என்று காகிதத்தைத் திருப்பிக் காட்டும்போது, எதுவுமே மாறவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவர் கொஞ்சம் யோசிப்பார்.

பிஎச்கியூ-9 தாளைக் காத்திருப்பு அறையில் கொடுத்து நிரப்பி வாங்குவதை நான் ஏற்பதில்லை. காரணம் ஒன்பதாவது கேள்வி. செத்துப்போனால் நல்லது என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ நினைப்பு வந்ததா என்று கேட்கும் கேள்வி அது. என் எதிரே உட்கார்ந்து நிரப்பிய ஒரு மாணவர், முதல் எட்டுக் கேள்விகளுக்கும் மளமளவென்று குறி போட்டார். ஒன்பதாவதில் பேனா நின்றது. மேலே போய் முதல் கேள்வியைத் திரும்பப் படித்தார். பிறகு ஒன்பதாவதில் 0 என்று குறி போட்டுத் தாளைக் கவிழ்த்துக் கொடுத்தார். தாளில் இருந்தது பூஜ்யம். ஆனால் பேனா நின்றதை நான் பார்த்துவிட்டேன். "கடைசிக் கேள்விக்குக் கொஞ்சம் யோசிச்ச மாதிரி இருந்துச்சே" என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். நான் நேரடியாகவே கேட்டேன்: "தற்கொலை பண்ணிக்கலாம்னு நினைப்பு வருதா?" அவர் தலையை மட்டும் அசைத்தார். பிறகு இருபது நிமிடம் பேசினார்.

கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் புதிதாக வரும் செவிலியர்களிடம் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. நியூயார்க்கில் 2,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் நடத்தி 2005-இல் வெளியான ஆய்வில், தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்கப்பட்டவர்களுக்குக் கேட்கப்படாதவர்களைவிட மன உளைச்சல் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்கும் கூடவில்லை. ஆகவே தெளிவான சொல்லில் கேளுங்கள். "தப்பா ஏதாவது நினைப்பு வருதா?" என்று மழுப்பிக் கேட்டால், "இல்லை" என்று சொல்வதுதான் சரியான பதில் என்று அவர் எடுத்துக்கொள்வார். எண்ணம் இருக்கிறது என்றால் அடுத்துக் கேட்க வேண்டியவை: எவ்வளவு அடிக்கடி, எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கு ஏதாவது ஏற்பாடு செய்திருக்கிறாரா, முன்பு முயன்றது உண்டா, இதுவரை தடுத்து நிறுத்தியது எது. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அதற்கு வரும் பதிலில்தான் உங்களுக்குப் பிடி கிடைக்கும்.

அன்று அந்த மாணவருடன் சேர்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதினோம். ஸ்டான்லி, பிரவுன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் உருவாக்கிய ஆறு படிகள் கொண்ட முறை இது. நிலைமை மோசமாகிறது என்று காட்டும் அறிகுறிகள், தனியாகச் செய்து மனதைத் திருப்பக்கூடியவை, போய் உட்காரக்கூடிய இடங்களும் ஆட்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், அழைக்க வேண்டிய மருத்துவ எண்கள், கடைசியாக, சுற்றி இருக்கும் ஆபத்தை அகற்றுவது. படிவத்தை நிரப்புவது போல இதைச் செய்தால் அந்தக் காகிதம் குப்பைக்குத்தான் போகும். அவருடைய சொற்களிலேயே எழுத வேண்டும். அறிகுறி என்ற இடத்தில் அவர் எழுதியது, "போனைச் சைலண்ட்ல போட்டுக் கவுத்து வைப்பேன்" என்பது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத அறிகுறி. ஆனால் அவருடைய அறைத் தோழர் கண்ணில் உடனே படக்கூடியது. அந்தத் தோழரின் பெயரே நான்காவது படியில் வந்தது. நாங்கள் அறையில் உட்கார்ந்திருக்கும்போதே அவருக்குப் போன் போட்டுப் பேசவைத்தேன். ஆறாவது படியில் விவரம் கேட்கத் தயங்கக் கூடாது. அவர் எதை நினைத்து வைத்திருந்தாரோ அது அன்று மாலைக்குள் அவர் கைக்கு எட்டாத இடத்துக்குப் போக வேண்டும். யார் எடுத்துப் போவார், எப்போது என்பது வரை பேசி முடிவு செய்ய வேண்டும். அந்த எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். உறுதியான திட்டமும் நோக்கமும் இருந்தால் காகிதம் போதாது. அவரைத் தனியே விடாமல் அன்றே அவசரச் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும்.

மறுநாள் நான் அவரை அழைத்தேன். இந்த வேலையில் நான் மிக உறுதியாக நம்பும் விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அமெரிக்க ராணுவ முன்னாள் வீரர்களுக்கான மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் நடந்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. பாதுகாப்புத் திட்டம் எழுதி, பிறகு போனில் அழைத்து விசாரிக்கப்பட்டவர்களிடம், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை நடத்தைகள் 45 சதவீதம் குறைந்திருந்தன. அதற்கும் வெகு காலம் முன்பே, ஜெரோம் மோட்டோ என்ற சான்பிரான்சிஸ்கோ மனநல மருத்துவர் இன்னும் எளிமையான ஒன்றைச் செய்து பார்த்திருந்தார். மருத்துவமனையை விட்டுப் போய், தொடர் சிகிச்சையே வேண்டாம் என்று மறுத்த 843 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் வருடத்துக்குச் சில முறை சிறிய கடிதம் போனது. எதையும் கேட்காத, அக்கறையை மட்டும் தெரிவிக்கும் கடிதம். முதல் இரண்டு வருடங்களில் கடிதம் பெற்றவர்களிடம் தற்கொலை விகிதம் குறைவாக இருந்தது.

இதைப் படித்த பிறகுதான், சந்திப்புக்கு வராத மாணவர்களுக்கு அனுப்பும் செய்தியை நான் மாற்றி எழுதினேன். நான் வேலை பார்த்த ஒரு மையத்தில், "நீங்கள் சந்திப்பைத் தவறவிட்டுள்ளீர்கள். இரண்டாவது முறையும் தவறினால் உங்கள் பெயர் நீக்கப்படும்" என்று தானாகவே ஒரு செய்தி போகும். மனச்சோர்வில் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடக்கும் ஒருவருக்கு இந்த வாசகம் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? ஏற்கெனவே தன்னைக் குற்றவாளியாக நினைப்பவருக்கு இன்னொரு தீர்ப்பு. நான் இப்படி அனுப்புகிறேன்: "இன்னைக்கு வர முடியல போல. பரவாயில்லை. வியாழன் 11 மணிக்கு ஒரு இடம் வச்சிருக்கேன். வர முடியலைன்னா போன்லயும் பேசலாம்." நோயின் பெயர், மருந்தின் பெயர் எதுவும் செய்தியில் இருக்கக் கூடாது, போன் யார் கையில் இருக்கும் என்று நமக்குத் தெரியாது. இரண்டு முறை தவறினால் பெயரை நீக்கும் விதியை நிர்வாகத்திடம் பேசி, மனநலச் சந்திப்புகளுக்கு மட்டும் தளர்த்த வெகு நாள் ஆனது. உங்கள் மையத்தில் இப்படி ஒரு விதி இருந்தால் விடாமல் பேசுங்கள். வராமல் போவது நோயின் அறிகுறியாக இருக்கலாம். அறிகுறிக்காக ஒருவரைப் பட்டியலிலிருந்து நீக்குவது எந்த விதத்திலும் நியாயம் கிடையாது.

உடலைப் பார்க்க மறக்கக் கூடாது. மனநலச் செவிலியரை ஆரம்ப சுகாதாரத்தில் வைத்திருப்பதன் பலனே, உடலும் மனமும் ஒரே கூரையின் கீழ் கவனிக்கப்படுவதுதான். சோர்வு, கவனமின்மை, படபடப்பு என்று வந்தால் ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்பேன். வீட்டுச் சாப்பாட்டை விட்டு வந்து, கிடைத்ததைத் தின்று ரத்தசோகையில் இருக்கும் மாணவிகள் பலர். ஆனால் ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது என்பதை வைத்து மட்டும் யாரையும் அனுப்பிவிடக் கூடாது. உணவுக் கோளாறுகளில் இது பெரிய அபாயம். வாந்தி எடுத்து எடையைக் கட்டுப்படுத்துபவருக்கு எடை சாதாரணமாக இருக்கலாம், பரிசோதனை முடிவுகளும் சாதாரணமாக இருக்கலாம். ஐந்து கேள்விகள் கொண்ட ஸ்காஃப் என்ற எளிய கேள்வித்தாள் உண்டு. இரண்டுக்கு "ஆம்" என்று வந்தால் மேலே விசாரிக்க வேண்டும். மயக்கம், நாடித்துடிப்பு குறைதல், பொட்டாசியம் குறைதல், உட்கார்ந்த இடத்திலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியாமை ஆகியவை தெரிந்தால் காத்திருக்க நேரமில்லை. எடை பார்க்கும்போது எண் அவர் கண்ணில் படாதபடி இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்லலாமா என்று அவரிடமே கேட்டுக்கொள்வேன். பலர் நிம்மதியாகச் சரி என்பார்கள்.

மருந்து எழுதுவது மருத்துவர் என்றாலும், அதைப் பற்றிய கேள்விகள் எல்லாம் செவிலியரிடம்தான் வரும். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பரவலாகக் கொடுக்கப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகளில் பக்கவிளைவு முதலில் வரும், பலன் பிறகுதான் வரும். முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டல், தலைவலி, தூக்கக் குறைவு, இருப்புக் கொள்ளாமை இருக்கலாம். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நான்காம் நாளே நிறுத்திவிடுவார்கள். இளம் வயதினருக்கு இந்தத் தொடக்க காலத்தில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் சிறுவர்களுக்காக விடுத்த எச்சரிக்கையை 2007-இல் 24 வயது வரை நீட்டித்தது. எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் அந்த வயதுக்குள் அடங்குவார்கள். ஆகவே மருந்து தொடங்கிய ஒரு வாரத்துக்குள் நான் அவரைப் பார்த்தாக வேண்டும். முடியாவிட்டால் போனிலாவது பேசியாக வேண்டும். ஆபத்து இருக்கும் ஒருவருக்கு ஒரு மாத மாத்திரையை மொத்தமாகக் கையில் கொடுப்பதைத் தவிர்த்து, வாராவாரம் கொடுக்கும்படி மருத்துவரிடம் கேட்பேன்.

மனச்சோர்வு மருந்து தொடங்குவதற்கு முன், "தூக்கமே இல்லாம, ஆனா களைப்பே தெரியாம, தலைகால் புரியாத சந்தோஷத்துல சில நாள் இருந்திருக்கீங்களா? குடும்பத்துல யாருக்காவது இருமுனைக் கோளாறு உண்டா?" என்று கேட்க வேண்டும். மனச்சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மருந்து மட்டும் தனியே கொடுத்தால், அது அந்த அளவுமீறிய உற்சாகத்தின் பக்கம் தள்ளிவிடலாம். மேடைப் படபடப்புக்கு, இதயத் துடிப்பைத் தணிக்கும் ப்ரோப்ரனலால் மருந்தைக் கேட்டு வருபவரிடம் ஆஸ்துமா உண்டா என்று கேளுங்கள். ஆஸ்துமா இருந்தால் அந்த மருந்து கூடாது. தேர்வுக்கு முந்தைய வாரம் புதிதாக மருந்து தொடங்குவது பற்றியும் மருத்துவரிடம் பேசுவேன். பக்கவிளைவின் உச்சத்தில் போய்த் தேர்வெழுத வைத்தால், மருந்தின் மீதே நம்பிக்கை போய்விடும்.

மனச்சிதைவு நோயின் தொடக்கம் அபூர்வமாகத்தான் வரும். ஆனால் வந்தால் ஒரு நாளும் வீணாக்கக் கூடாது. நண்பர்களை விட்டு விலகுவது, நன்றாகப் படித்தவர் திடீரென்று எழுதவே முடியாமல் போவது, யாரோ கவனிக்கிறார்கள் என்ற சந்தேகம், பேச்சு ஒன்றோடொன்று ஒட்டாமல் போவது ஆகியவற்றைப் படிப்புச் சுமை என்று தள்ளிவிடாதீர்கள். சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் பின்னால் மீள்வதைக் கடினமாக்கும். கஞ்சா பயன்பாட்டைத் தீர்ப்புச் சொல்லாத குரலில் கேளுங்கள். குரலில் கண்டிப்பு தெரிந்தால் உண்மை வராது.

பெற்றோர் போன்கள் இந்த வேலையில் தனி அத்தியாயம். ஒரு தந்தை அழைத்தார். "எம் பையன் அங்க வர்றானாமே. என்ன பிரச்சினை அவனுக்கு? பெத்தவன் கேக்குறேன், சொல்ல மாட்டீங்களா?" குரலில் கோபம், அதன் அடியில் பயம். அவர் மகன் எங்களிடம் வருகிறாரா இல்லையா என்பதைக்கூட அனுமதி இல்லாமல் நான் சொல்லக் கூடாது. ஆனால், "அதெல்லாம் சொல்ல முடியாது சார்" என்று வைத்துவிட்டால் அந்தப் பயம் மகன் மீதுதான் போய் விழும். "ஐயா, இங்க யார் வர்றாங்கன்னு நான் யாருக்குமே சொல்ல முடியாது. ஆனா நீங்க சொல்றதை நான் கேக்கலாம். அவரைப் பத்தி உங்களுக்கு என்ன கவலைன்னு சொல்லுங்க" என்றேன். அவர் பதினைந்து நிமிடம் பேசினார். தற்கொலை செய்துகொண்ட தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். அவருடைய மகன் அதை ஒருபோதும் சொன்னதில்லை. மகனுக்கு அது தெரியவே தெரியாது. கேட்பதற்குச் சட்டம் தடை போடவில்லை என்பதைப் பல செவிலியர்கள் மறந்துவிடுகிறார்கள். அடுத்த முறை வந்தபோது, அப்பா அழைத்ததை மறைக்காமல் மாணவரிடம் சொன்னேன். அம்மாவையோ அப்பாவையோ ஒரு சந்திப்புக்கு அழைக்கலாமா என்று பிறகு அவரிடமே கேட்டேன். தயங்கித்தான் சம்மதித்தார். எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டோம்.

எல்லாத் துயரத்துக்கும் நோயின் பெயர் வைக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். காதல் முறிந்து அழுபவர், தேர்வில் தவறிக் குமைபவர், வீட்டு ஏக்கத்தில் சாப்பிடாமல் இருப்பவர் ஆகியோரில் பலருக்குத் தேவைப்படுவது, அவசரப்படாமல் கேட்க ஒருவரும், வாரத்துக்கு ஒரு சின்ன வேலையும். வேலை நிஜமாகவே சின்னதாக இருக்க வேண்டும். "தினமும் உடற்பயிற்சி செய்யுங்க" என்பது மலை. "நாளைக்குக் காலை 11 மணிக்குள்ள வெளியே போய்ப் பத்து நிமிஷம் நடங்க, போறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் மனசுக்குப் பத்துக்கு எத்தனை மார்க்னு எழுதி வைங்க" என்பது செய்யக்கூடியது. மனம் சரியானால் எழுந்து நடக்கலாம் என்று அவர் காத்திருக்கிறார். நடந்தால்தான் மனம் கொஞ்சம் அசையும் என்பது அந்த மதிப்பெண்ணில் அவருக்கே தெரியவரும். அடுத்த சந்திப்பில் அந்தத் தாளைக் கட்டாயம் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்க மறந்தால் நாம் சொன்னதை நாமே மதிக்கவில்லை என்று ஆகிவிடும்.

வளாகத்தில் அவ்வப்போது நடக்கும் மன அழுத்த மேலாண்மைப் பட்டறைகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அரங்கு நிறையும், ஆனால் படுக்கையை விட்டு எழ முடியாதவர் அங்கே வரமாட்டார். அதே நேரத்தை விடுதிக் காப்பாளர்களுக்கும் நூலகப் பணியாளர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் ஒதுக்கலாம். எந்த அறைக் கதவு மூன்று நாளாகத் திறக்கவில்லை என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அவர்களுக்குத் தேவை ஒரு போன் எண்ணும், அழைத்தால் யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள் என்ற உறுதியும்.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த அறையில் பெரும்பாலும் தனியாக இருப்பீர்கள். வார்டில் இருந்தது போல ஷிப்ட் மாறும்போது ஒப்படைத்துவிட்டுப் போக ஆள் கிடையாது. மாதம் ஒருமுறையாவது மூத்த மனநலப் பணியாளர் ஒருவரிடம் உட்கார்ந்து வழக்குகளைப் பேசும் நேரத்தை வேலை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது. ஆபத்தான நிலையில் ஒருவரை அனுப்பிய நாளில், குறிப்பை எழுதி முடித்து, பொறுப்பு யாரிடம் போயிருக்கிறது என்று பெயரோடு பதிவு செய்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புங்கள். எழுதாமல் விட்டது இரவு முழுக்கத் தலைக்குள் ஓடும்.

கடைசியாக விடுமுறைகள். கல்வி ஆண்டில் எனக்கு அதிகக் கவலை தருவது தேர்வு வாரம் அல்ல, நீண்ட விடுமுறைக்கு முந்தைய வாரம்தான். வீட்டுக்குப் போகும் மாணவர் மாத்திரையை யார் கண்ணிலும் படக் கூடாது என்று நிறுத்திவிடுவார். திடீரென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரும், அதை நோய் திரும்பிவிட்டது என்று நினைத்துப் பயப்படுவார். சிலருக்கு வீடே பிரச்சினையின் ஊற்றாக இருக்கும். அந்த வாரத்தில் என் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரிடமும் இவற்றைக் கேட்டுவிடுவேன்: மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது, எங்கே வைப்பீர்கள், வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள், அங்கே ராத்திரியில் அழைக்க யார் இருக்கிறார்கள், பாதுகாப்புத் திட்டம் போனில் இருக்கிறதா. பிறகு, அவர் கிளம்புவதற்கு முன்பே, திரும்பி வந்த முதல் வாரத்தில் ஒரு சந்திப்புக்கு நாளும் நேரமும் குறித்துக் கையில் கொடுத்து அனுப்புவேன்.